இருபத்துநான்கு அடிக் கயிறு

எழுபதுகளின் கடைசியில் காவலூர்ப் பக்கம் ஒரு கான்ட்ராக்டரிடம் கல் சுமந்துகொண்டிருந்தேன். மலைமேல் புதூர்நாட்டில் பிறந்து, திருப்பத்தூரில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள் நான். படித்துவிட்டுக் கல் சுமப்பது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்டோர் பார்த்தவர் நின்றுவிட்டார் என்று கேள்விப்பட்டதும் என்ஜினீயர் முன்னால் போய் நின்றேன். அந்த வேலை எனக்கு வேண்டும், அவ்வளவுதான். அவர் மேலும் கீழும் பார்த்தார். ஸ்டோரில் இருக்கிற சாமானுக்கெல்லாம் இங்கிலீஷில் சீட்டு எழுதிக் கட்டு, திங்கட்கிழமை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

பழைய சீட்டுகளில் ‘சிக்ஸ் இன்ச்சஸ் நெயில்’ என்றிருந்தது. ஆணி வந்த அட்டைப்பெட்டியிலோ வெறும் ‘இன்ச்’. ஆறுக்கும் இன்ச்சுக்கும் நடுவில் ஒரு சின்னக் கோடு. எது சரி? பள்ளிக்கூட இலக்கணப் புத்தகத்தைத் தேடி எடுத்து உட்கார்ந்தேன். ஆணியின் நீளம் ஆறு இன்ச் என்று தனியாகச் சொன்னால் பன்மை. அதே அளவு, ‘நெயில்’ என்ற சொல்லுக்கு முன்னால் போய் ஒட்டிக்கொண்டால் ஒருமை, நடுவில் கோடு. அட, இதற்கா பயந்தேன்? நாம் மட்டும் பத்து அடிகள் ஏணி என்றா சொல்கிறோம்? கோடு ஒன்றுதான் எனக்குப் புதுசு.

ஆணி, பைப், ஏணி எல்லாவற்றுக்கும் எழுதி முடித்தேன். கூடக் கல் சுமந்த பெண்கள் கலெக்டரம்மா என்று கேலி செய்தார்கள், காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியாகக் கயிறு. எங்கள் மலையில் கயிற்றைப் பாகத்தால்தான் அளப்போம். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம், அதாவது ஆறடி. வாங்குகிறவர் கைதான் கணக்கு என்பதால் சந்தைக்குப் போகும்போது கை நீளமான ஆளாகப் பார்த்துக் கூட்டிப்போவோம். நானும் பழக்க தோஷத்தில் கையை விரித்தே அளந்தேன். நான்கு பாகம் வந்த துண்டுக்கெல்லாம் ‘ட்வென்டி-ஃபோர்-ஃபுட் ரோப்’ என்று இரண்டு கோடு போட்டுக் கட்டினேன்.

திங்கட்கிழமை என்ஜினீயர் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்துத் தலையாட்டினார். பிறகு ஒரு கயிற்றைப் பிரித்து டேப் பிடித்தார். இருபது அடிதான் இருந்தது.

“கோடெல்லாம் சரியாப் போட்டுக்கிற. கயிறு நாலடி கொறையுதே, இன்னாம்மா இது? மேல ஏறுறவன் இத நம்பித்தான ஏறுவான்?”

நான் குள்ளம். என் பாகம் ஐந்து அடிதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் கிளம்பப் போனார். விட்டால் போச்சு என்று குறுக்கே போய் நின்றேன்.

“டேப்பக் குடுங்க சார். நீங்க சாப்ட்டு வர்றதுக்குள்ள அளந்துர்றேன்.”

கொடுத்தார். நான் சாப்பிடவில்லை. பதினான்கு துண்டையும் தரையில் நீட்டி அளந்து, பழைய சீட்டைக் கிழித்துப் புதுசு கட்டினேன். வந்தவர் அடியில் கிடந்த ஒன்றை உருவி அளந்தார். இன்னொன்றையும் அளந்தார். ஸ்டோர் சாவியை மேஜைமேல் வைத்தார். போகும்போது டேப்புக்காகக் கையை நீட்டினார்.

“அது இங்கியே இருக்கட்டும் சார்” என்றேன். கொடுக்கவில்லை.