தேய்க்கிற அறையில் ஒரு சிரிப்புத் தொடர்

அந்த வீட்டில் துணி தேய்க்கிறவளுக்குச் சிரிக்க ஓர் இடம் இருந்ததென்றால், அது தேய்க்கிற அறைதான். பிரசங்கக் குடும்பம். அப்பா மேடையில் பேசுவார், மகன்கள் பின்னால் கைகட்டி நிற்பார்கள், எல்லோருக்கும் வெள்ளை உடை, ஆளுக்கொரு கார். ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு வந்து, காலரில் சுருக்கம் என்று சட்டையை இவள் முகத்தில் எறிவார்கள்.

மதியம் பெரியவர்கள் தூங்கும்போது சின்ன மருமகள் அங்கே வருவாள். மூலையில் இருந்த பழைய டிவியில், இதேபோல் ஒரு பணக்கார பக்திக் குடும்பத்தைக் கிண்டலடிக்கும் தொடர் ஓடும். அதில் வரும் மாமியார் பிரார்த்தனை நடுவே ஒற்றைக் கண்ணைத் திறந்து, யார் கண்ணை மூடவில்லை என்று வேவு பார்ப்பாள்.

"அக்கா, அப்படியே எங்க அத்தை!"

"மெதுவா சின்னம்மா. பெரியம்மாவுக்குப் பாம்புக் காது."

இருவரும் வாயில் துணியை அடைத்துக்கொண்டு சிரிப்பார்கள். நாற்காலியில்கூட உட்கார விடாத வீட்டில் தன்னை அக்கா என்று கூப்பிட ஒருத்தி இருக்கிறாளே என்று இவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிருந்தது. "கூடப் பொறக்காத தங்கச்சி" என்று புருஷனிடம் பீற்றிக்கொள்வாள். ஏமாளி, வேறென்ன சொல்ல!

ஒரு நாள் சிரித்துக்கொண்டே திரும்பினால், வாசலில் மாமியார்.

"என்ன கூத்து இது?"

மருமகள் கழுவுற மீனில் நழுவுற மீன். "நான் புடவை எடுக்க வந்தேன் அத்தை. இவதான் போட்டு வச்சிருக்கா. நம்ம குடும்பம் மாதிரியே இருக்குன்னு சிரிக்கிறா."

அக்கா அந்த நிமிடமே 'இவ' ஆகிவிட்டாள். வாயைத் திறந்தால் வேலை போகும், திறக்காவிட்டால் மானம் போகும். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே, மானத்தை விட்டாள்.

வேலையை விட்டு அனுப்பவில்லை. அவர்கள்தான் நல்லவர்களாயிற்றே! மாலையில் கூடத்தின் நடுவே அவளை மண்டியிட வைத்தார்கள். குடும்பமே சுற்றி நின்று, அவளுடைய கெட்ட புத்தி விலக வேண்டும் என்று பிரார்த்தித்தது. பெரியவர் அவள் தலையில் கை வைத்து அழுத்தினார். மூத்த மகன் கைப்பேசியில் படம் பிடித்தான். தொடரில் இப்படி ஒரு காட்சி வந்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள். எல்லோரையும்விட உரக்க, கண்ணீர் வழியப் பிரார்த்தித்தவள் சின்ன மருமகள்.

டிவியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த வாரம் மருமகள் கைப்பேசியோடு வந்து கதவைத் தாழிட்டாள்.

"டிவி போனா என்னக்கா, இதுல பாப்போம்."

ஒன்றுமே நடக்காததுபோல் தோளில் சாய்ந்து சிரித்தாள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை வருத்தமாகச் சொல்லிவிட மாட்டாளா என்று இவள் காத்திருந்தாள்.

"என்னக்கா, சிரிக்கவே மாட்டேங்கிறீங்க? எம்மேல கோவமா?"

கேட்ட குரலில் கொஞ்சலும் இருந்தது, முதலாளியம்மாவும் இருந்தாள்.

"உங்க மேலயா? அய்யோ சின்னம்மா!" என்று சொல்லிச் சிரித்துக் காட்டினாள். அந்த வீட்டில் அவள் செய்ய வேண்டிய வேலைகளில் அதுவும் ஒன்றாகிவிட்டது.