ஜமுனாமரத்தூர் சந்தையில் நான் மேஸ்திரியான நாள்

கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையின் காலர் கழுத்தை அறுத்துக்கொண்டிருந்தது. சட்டை முழுக்க சென்ட் வேறு... எனக்கே தலை வலித்தது.

டி.வி. வாய்ப்பெல்லாம் கனவில்கூட வராத காலம் அது. போளூரில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு வீதி நாடகக் குழு வைத்திருந்தோம். அதற்கு முன்னால் எங்கள் ஊர் சர்ச்சில் ஈஸ்டருக்குப் போடுகிற பாஸ்கா நாடகத்தில், ஈட்டி பிடித்த சேவகனாக நின்றிருக்கிறேன். என் நடிப்பு அனுபவம் அவ்வளவுதான்.

மிளகு பறிக்கிற வேலை என்று பொய் சொல்லி, ஜவ்வாது மலை ஆட்களைத் திருட்டுத்தனமாகச் செம்மரம் வெட்டக் கூட்டிப்போகிற மேஸ்திரிகளைப் பற்றிய நாடகம். போனவர்களில் சிலர் ஜெயிலில் இருந்தார்கள். சிலரைப் பற்றித் தகவலே இல்லை.

எனக்கு மேஸ்திரி வேஷம். முதல் பெரிய வேஷம்!

டைரக்டர் செல்வம் அண்ணன் ஒரு யோசனை சொன்னார். "நாடகம்னு யார்கிட்டயும் சொல்லாத. சந்தைல நெஜ மேஸ்திரி மாதிரியே போய்ப் பேசு. கூட்டம் சேந்ததும் நாங்க பறையோட வந்துர்றோம்."

சரி என்றேன்.

ஜமுனாமரத்தூரில் அன்று வாரச்சந்தை. புளி, சாமை மூட்டைகளுக்கு நடுவில் நின்று ஆரம்பித்தேன். "ரெண்டு நாள் வேலைதாம்பா. மிளகு பறிக்கணும். சாப்பாடு, தங்குற எடம் எல்லாம் நம்ம பொறுப்பு. என்னை நம்பி வாங்க."

நாலைந்து பேர் நின்றார்கள். பிறகு பத்து பேர். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். உள்ளுக்குள் எனக்கு ஒரே பெருமை...

பின்னாலிருந்து ஒரு கை என் சட்டையைப் பிடித்தது.

முப்பது வயது இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. "எங்க வூட்டுக்காரர எங்கடா இட்டுனு போன?"

நான் திரும்புவதற்குள் கூட்டம் நெருங்கிவிட்டது. யாரோ என் செல்போனைப் பிடுங்கினார்கள். பக்கத்தில் இருந்த மூட்டைக் கிடங்குக்குள் தள்ளி, ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். வெளியே சந்தை இரைச்சல். நான் போட்ட கூச்சல் செல்வம் அண்ணனுக்குக் கேட்டிருக்காது.

"அம்மா, நான் நடிகம்மா. இது நாடகம்."

"அவர இட்டுனு போனவனும் இப்டித்தான் வெள்ளச் சட்ட போட்டுனு வந்தான்" என்றார் அவர். பெயர் அலமேலு என்று பிறகுதான் தெரியும். "ஏழு மாசம் ஆவுது. ஒரு போன் இல்ல."

ஷட்டர் ஓரத்தில் ஒருவர் கையில் கொடுவாளோடு நின்றார். அதை ஓங்கவில்லை. சும்மாதான் பிடித்திருந்தார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

"நடிகன்னா நடிச்சிக் காட்டு" என்றார் கொடுவாள்காரர்.

எனக்கு வேறு வசனமே தெரியாது, நண்பர்களே! தெரிந்தது மேஸ்திரி வசனம் மட்டும்தான். அதையே சொன்னேன். "ரெண்டு நாள் வேலைதாம்பா... என்னை நம்பி வாங்க..."

அலமேலு மூட்டைமேல் சரிந்து உட்கார்ந்தார். "இதையேதான் சொன்னான். ஒரு வார்த்த மாறாம இதையேதான்..."

கொடுவாள்காரர் ஒரு அடி முன்னால் வந்தார். என் பேன்ட் நனைந்தது. வெட்கப்படக்கூடத் தோன்றவில்லை. இங்கேயே செத்துவிடுவேன் என்று நிச்சயமாக நம்பினேன்.

அப்போதுதான், என்னைச் சந்தையெல்லாம் தேடிவிட்டு, ஷட்டரைத் தட்டிக்கொண்டு செல்வம் அண்ணன் வந்தார். கழுத்தில் பறை, கையில் எங்கள் படம் போட்ட நோட்டீஸ். எல்லார் கையையும் பிடித்து மன்னிப்புக் கேட்டார். கொடுவாள்காரர் நோட்டீஸையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் செல்போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"நாடகம் வேணாம், கெளம்பலாம்" என்றார் அண்ணன்.

அலமேலுதான் மறித்தார். "போடுங்க. இந்தப் பேச்ச கேட்டுத்தான் அவரு வண்டி ஏறனாரு. எல்லாரும் கேக்கட்டும்."

ஈர பேன்ட்டோடு நடித்தேன். முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. அலமேலு முன்வரிசையில் அசையாமல் நின்றிருந்தார்.

அன்றைய பயம் அதோடு தீரவில்லை. சாயங்காலம் போளூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ஒருவர் பக்கத்தில் வந்தார். நாடகத்தை முழுதாகப் பார்த்தவர். தோளில் பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணா, அந்த வேலக்கி நெம்பர் இருந்தா குடுங்க."

"அது நாடகம்ணா..."

"நாடகம்னு தெரியுது. நெசமான ஆளு யாருன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்ல?"

"போவாதீங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டினார். எதற்கு ஆட்டினார் என்று இன்றுவரை தெரியாது. மலைப்பாதையில் பஸ் இறங்க இறங்க, கொடுவாளை மறந்துவிட்டேன். அந்தத் தலையாட்டலை மறக்க முடியவில்லை.

இப்போது சீரியலில் வில்லன் வேஷம் எனக்கு வாடிக்கையாகிவிட்டது. போன மாதம் ஷூட்டிங்குக்காக அதே ஜமுனாமரத்தூருக்குப் போயிருந்தேன். "வில்லன் சார், ஒரு செல்ஃபி!" என்று தோளில் கைபோட்டுக்கொண்டார்கள். ஒரு அம்மா கன்னத்தைக் கிள்ளி, "டி.வி.லதான் மொறைக்கிற, நேர்ல இன்னா இவ்ளோ சாதுவா கீற" என்று சிரித்தார். என்னைப் பார்த்து யாருக்கும் பயமில்லை. நல்லதுதான்.

டீக்கடையில் மெதுவாக அலமேலுவைப் பற்றி விசாரித்தேன்.

"அந்தம்மாவா? பொண்ணோட திருப்பூர்ல கீறாங்க சார். பனியன் கம்பெனில வேல."

"அவங்க வீட்டுக்காரர்?"

கடைக்காரர் டீயை ஆற்றுவதை நிறுத்தினார்.

"இன்னும் வர்ல சார்."

ஷாட் ரெடி என்று கூப்பிட்டார்கள். போய், நாலு பேரை மிரட்டிவிட்டு வந்தேன். ஒரே டேக்கில் ஓகே ஆனது. எல்லோரும் கைதட்டினார்கள்.