இரண்டு முதுகிலும் நீலம்

எங்கள் வீட்டில் ‘தெரியாது’ என்று யாரும் சொல்வதில்லை. வீட்டுக்காரர் கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டுகிறவர். மலையில் இன்று மழை வருமா என்று கேட்டால் வரும் என்பார். வராவிட்டால் அடுத்த வளைவு தாண்டிப் பெய்தது என்பார். புது ஊருக்குப் போனால் இறங்கி வழி கேட்கமாட்டார். ஊரையே இரண்டு சுற்று சுற்றிவிட்டு, இதுதான் குறுக்கு வழி என்று எனக்கே சொல்லித் தருவார். நானும் லேசுப்பட்டவள் இல்லை. வைத்த பொருள் வைத்த இடத்தில் இல்லையென்றால் வீட்டில் உள்ளவர்கள்தான் எடுத்திருப்பார்கள், நான் மறந்திருக்கமாட்டேன் என்று சண்டைக்கு நிற்பேன். அப்படிப்பட்ட எங்கள் இருவரையும் இரண்டு நாய்கள் சேர்ந்து வாயடைக்க வைத்துவிட்டன.

அவரேதான் அந்த நாய்களை மலையிலிருந்து ஜீப்பில் கொண்டுவந்தார். ஒரே ஈற்றில் பிறந்தவை, இரண்டும் கடுவன், மண் நிறம், கரிய மூக்கு. ஒன்று எங்களுக்கு, இன்னொன்று எதிர்வீட்டு அக்காவுக்கு. குட்டியாக இருந்தபோது எங்களுடையது கொஞ்சம் சிறியது. அக்கா வீட்டில் மாடு உண்டு, பாலுக்குக் குறைவில்லை, அது அங்கே போய்க் குடித்துத் தன் அண்ணன் அளவுக்கு வளர்ந்துவிட்டது. அதன் பிறகு எது எங்களுடையது என்பது ஒரு பேச்சுக்குத்தான். பகலில் இரண்டும் அங்கே இருக்கும், சோறு வடிக்கும் நேரத்தில் இரண்டும் இங்கே இருக்கும். பெயர் வைக்கவில்லை. ‘டேய்’ என்றால் இரண்டும் வரும்.

பொங்கலுக்குச் சில நாள் முன்பு ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று எங்கள் தெருவுக்கு வந்தது. மாட்டாஸ்பத்திரியில் நாய்க்கும் பூனைக்கும் வெறிநோய்த் தடுப்பூசி, இலவசம் என்று கத்திக்கொண்டே போனது. மறுநாள் காலை வாசற்படியில் படுத்திருந்த நாயின் கழுத்தில் நைலான் கயிற்றைக் கட்டி இழுத்துக்கொண்டு போனேன். அக்காவையும் கூப்பிட்டேன். “கரும்பு வெட்டு கீதும்மா, நான் நாளைக்கு இட்டுக்கினு போறேன்” என்றார். அந்த நாளை வரவேயில்லை.

மாட்டாஸ்பத்திரியில் நல்ல கூட்டம். மணலூர்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா, கட்டைப்பையின் வாயை இறுக்கிப் பிடித்தபடி எனக்கு முன்னால் நின்றார். பைக்குள் பூனை. “பூனைக்குமா வெறி புடிக்கும்?” என்று நான் கேட்டதற்கு, ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்த டாக்டரம்மாவே பதில் சொன்னார். “பூனைக்கும் வரும். கடிச்சா மனுசனுக்கும் வரும். வந்துட்டா மருந்து கெடையாதும்மா. வர்றதுக்கு முன்னாடி போடறதுதான் மருந்து.” எங்கள் நாய்க்கு ஊசி போட்டுவிட்டு, போட்டதற்கு அடையாளமாக முதுகில் நீலச் சாயத்தால் ஒரு கோடு இழுத்தார். சீட்டெல்லாம் கிடையாது, கோடுதான் சீட்டு. ஒரு பெரிய வேலையை முடித்த மிதப்பில் வீடு வந்தேன்.

அப்புறம் மாட்டுப்பொங்கல் வந்தது. எதிர்வீட்டில் மாட்டுக் கொம்புக்கு நீலப் பெயிண்ட். மீந்த பெயிண்ட்டை அக்காவின் பேத்தி சும்மா விடவில்லை. கோடில்லாத நாயின் முதுகில் ஒரு கோடு போட்டாள். புதுக் கோடு பளிச்சென்றிருக்க, பழையது மங்கலாகத் தெரிந்ததாம், அதன் மேலும் ஒன்று போட்டாள். ஏன்டி இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். “அதுக்கு மட்டும் வச்சா இது அழாதா ஆன்ட்டி?” என்றாள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. சிரித்த வாயை அந்த ஞாயிற்றுக்கிழமையே மூட வேண்டியதாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்திருந்தோம். வீட்டுக்காரர் எலும்பைக் கொண்டுபோய் வாசலில் போட்டார். இரண்டும் ஒரே எலும்பின் மேல் பாய்ந்து கட்டிப் புரண்டன. விலக்கிவிடுகிறேன் என்று நடுவில் கையை நீட்டினார். புறங்கையில் பல் இறங்கி ரத்தம் வந்துவிட்டது. கடிவாயில் தடவ அவர் சுண்ணாம்பு தேடினார். நான் அவரைக் குழாயடிக்கு இழுத்துப்போய், சோப்புப் போட்டு, போதும் போதும் என்று அவர் கத்தும்வரை கழுவினேன்.

“கெளம்புங்க, ஜிஹெச் போயி ஊசி போட்டுக்கினு வந்துடலாம்” என்றேன்.

“நாய்க்குத்தான் போட்டாச்சே, எனக்கு இன்னாத்துக்கு? நீதான இட்டுக்கினு போன?”

நான்தான் கூட்டிப்போனேன். ஆனால் எதைக் கூட்டிப்போனேன்? அந்தக் கேள்வி வந்த பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. வாசற்படியில் படுத்திருந்தது, அதனால் எங்களுடையது. ஆனால் படியில் இரண்டும்தான் படுக்கும். எங்களுடையது கயிறு கட்டினால் முரண்டு பிடிக்கும், அன்றைக்கு வந்ததோ பேசாமல் வந்தது, அப்படியானால் அது அக்காவுடையது. ஆனால் வழியில் பிஸ்கட் வாங்கிப் போட்டுக்கொண்டே போனேன், பிஸ்கட்டுக்கு எது முரண்டு பிடிக்கும்? எங்கள் நாய்க்கு வலது காது மடங்கியிருக்கும் என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒன்றுக்கு மடங்கியிருந்தது. சந்தோஷப்பட்டு வாயெடுப்பதற்குள் மற்றதும் மடக்கிக்கொண்டது. இரண்டு முதுகிலும் நீலம், இரண்டும் என்னைப் பார்த்து வாலை ஆட்டின. இத்தனை நாள் சோறு போட்ட கைக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை.

“எந்த நாய்க்குப் போட்டேன்னு எனக்கே கொழப்பமா கீதுங்க” என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

“உனக்குக் கொழப்பம். எனக்கு ஒரு கொழப்பமும் இல்ல. கடிச்சது நம்ம வூட்டு நாய், ஊசி போட்டதும் நம்ம வூட்டு நாய். சும்மா இரு.”

எனக்குப் பயமாக இருந்தது. டாக்டரம்மா சொன்ன ‘வந்துட்டா மருந்து கெடையாது’ காதிலேயே நின்றது. இந்த மனுஷன் வீம்புக்கே உயிரை விட்டுவிடுவாரோ என்று நினைத்தேன். திங்கட்கிழமை காலை மலைக்குக் கிளம்பியவரை மறித்து ஜீப் சாவியைப் பிடுங்கிக்கொண்டேன். ஜிஹெச் வேண்டாம், மாட்டாஸ்பத்திரிக்காவது வாருங்கள் என்றேன். “வா, அந்த டாக்டரம்மா வாயாலயே கேட்டுக்க” என்று சாவியை வாங்கிக்கொண்டு இரண்டு நாய்களையும் ஜீப்பின் பின்னால் ஏற்றினார். ஜெயிக்கப் போகிறோம் என்ற தைரியம்.

ஆஸ்பத்திரி வாசலில் எந்த நாய் பயந்து பின்வாங்குகிறதோ அதுதான் ஏற்கெனவே ஊசி வாங்கியது என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டிருந்தேன். இரண்டும் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நகர மறுத்தன. “இந்த வாசனைக்கு எல்லா நாயும் அப்டித்தாம்மா பண்ணும்” என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்காரர் கையைக் காட்டி விஷயத்தைச் சொன்னார். “நாய்க்குப் போட்டது நாய்க்கு. ஊசி போட்ட நாயே கடிச்சிருந்தாலும் நீங்க ஜிஹெச் போய்த்தான் ஆவணும்” என்றார் டாக்டரம்மா.

“இல்லீங்க மேடம், நீங்கதான் போன வாரம் உங்க கையால இதுக்குப் போட்டீங்க. அதுதான் கடிச்சுது.”

“சரி, கடிச்சது எது? காட்டுங்க.”

இவர் சட்டென்று வலப்பக்கம் நின்றதைக் காட்டினார். நான் இடப்பக்கம் நின்றதைக் காட்டினேன். எங்கள் விரல்களை ஒருவர் மாற்றி ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதற்குள் யாரோ ஒரு கன்றுக்குட்டியை ஓட்டிக்கொண்டு வர, நாய்கள் மிரண்டு இவர் காலைச் சுற்றிக் கயிற்றைச் சிக்கலாக்கிவிட்டன. அவிழ்த்து நிறுத்திய பிறகு, “எதுன்னு சொன்னீங்க?” என்று டாக்டரம்மா மறுபடியும் கேட்டார். இவர் கையை நீட்டினார். ஒன்றைக் காட்டிய விரல் மெல்ல நகர்ந்து மற்றதற்குப் போனது, அங்கேயும் நிற்காமல் திரும்பி வந்தது. கடைசியில் கையை மடக்கி, கடிபட்ட இடத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் இருந்த தைரியம் எங்கே போனதென்று தெரியவில்லை.

“ரெண்டையும் வேற எதுங்கூடவும் சேராம கட்டிப்போட்டுப் பத்து நாள் பாருங்க. நல்லா இருந்தா இட்டுக்கினு வாங்க, ரெண்டுக்குமே போட்டுடலாம். இன்னொரு தரம் போட்டா ஒண்ணும் ஆவாது” என்றார் டாக்டரம்மா. “நீங்க இப்பவே கெளம்புங்க.”

இவர் வண்டியை எடுத்தார். நாய்களை வீட்டில் கட்டிவிட்டு ஜிஹெச்சுக்குப் போகும்வரை ஒரு வார்த்தை இல்லை. வழக்கமாக முன்னால் போகும் எல்லா வண்டிக்காரனுக்கும் ஓட்டத் தெரியாது என்று திட்டிக்கொண்டே வருகிறவர்.

ஊசி போடும் அறையில் நர்ஸம்மா விசாரித்தார். “வளர்ப்பு நாயா, தெரு நாயா?”

“வளர்ப்பு நாய்ங்க.”

“அதுக்குத் தடுப்பூசி போட்டிருக்கா?”

இவர் என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

“தெரியலைங்க.”

கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. இனி பிழைத்துக்கொள்வார் என்று தோன்றியதும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நர்ஸம்மா ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“நீ ஏம்மா அழுவற? ஊசி உனக்கு இல்ல, அவருக்கு.”