நாலு மெமரியும் ஒரே பக்கம்

மேரிசெல்வியைப் பற்றி நல்லவிதமாக எழுத ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். உள்ளபடி எழுத என்னை விட்டால் ஆள் கிடையாது. ஒருத்தர் மேல் வயிறெரிந்துகொண்டே இருந்தால், அவர் மதியம் என்ன சாப்பிட்டார் என்பது வரைக்கும் ஞாபகம் இருக்கும்.

அவள் அப்பா ஆரோக்கியம் மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரினார். அதே அளத்தில் என் அப்பா கலியபெருமாள் மேஸ்திரி. காலையில் என் அப்பா பேர் கூப்பிடுவார், அவள் அப்பா கையைத் தூக்குவார். பேர் கூப்பிடாவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் எரிச்சலின் வேர் இங்கேதான் இருக்கிறது. மேஸ்திரி மகன் நான் முன்னால் போவேன், அவள் பின்னால் வருவாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

பள்ளி லீவு நாட்களில் அவளும் உப்புப் பாத்தியில் இறங்கி வேலை செய்தவள். உப்பில் வெடித்த பாதம் ஆபீஸ் வேலைக்கு வந்த பிறகும் அப்படியே இருந்தது. திண்டிவனத்தில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, 2004இல் குயிலாப்பாளையத்தில் நான் வேலை பார்த்த கம்பெனிக்கே வந்து சேர்ந்தாள். சாட்டிலைட் படங்களை ஒட்டி வரைபடம் தயாரிக்கும் கம்பெனி. அங்கே எனக்கு அது ஐந்தாவது வருடம்.

இரண்டு பேருக்கும் ஒரே பாண்டி பஸ். நான் ஜன்னலோரம் தூங்குவேன். அவள் கம்பியைப் பிடித்து நின்றபடி மெஷின் மேனுவலைப் படித்துக்கொண்டு வருவாள். கதைப் புத்தகம் படிப்பது போலச் சில பக்கங்களில் சிரிக்க வேறு செய்வாள். அதில் சிரிக்க என்ன இருக்கிறதென்று ஒருநாள் அதே மேனுவலை வாங்கிப் படித்தேன். ஒன்றுமில்லை. முன்பெல்லாம் மெஷின் நின்றுபோனால் ஆபீஸில் "கௌதம்!" என்று என்னைத்தான் கத்திக் கூப்பிடுவார்கள். ஆறே மாதத்தில் அது "மேரி!" ஆகிவிட்டது. ஒவ்வொரு தடவை அந்தப் பேரைக் கேட்கும்போதும் என் காதில் புகை வரும்.

சுனாமிக்குப் பிறகு கரையோர வரைபட வேலை குவிந்தது. பழைய சர்வர் திணறியது. புதிது வாங்க முடிவு செய்தார் முதலாளி தேசப்பன். இரண்டு டீலர்கள் ஆளுக்கொரு சர்வரை இரண்டு வாரத்துக்குச் சோதித்துப் பார்க்கக் கொடுத்தார்கள். ஒன்றில் இரண்டு ஜியான் பிராசஸர், மற்றதில் இரண்டு ஆப்டெரான். ஜியான் என் பொறுப்பு, ஆப்டெரான் அவள் பொறுப்பு.

"எது ஜெயிக்குதோ அதை வாங்கிடலாம். ஜெயிக்க வச்சவங்கதான் இனிமே சர்வர் இன்சார்ஜ்" என்றார் தேசப்பன்.

சர்வர் இன்சார்ஜ் என்றால் தனி ரூம், ஏசி, கதவில் பேர், கையில் சாவி. ஐந்து வருடமாக நான் காத்திருந்தது அதற்குத்தான். அது எனக்குத்தான் என்று அப்பா டீக்கடையில் சொல்லியே விட்டிருந்தார்.

அன்றைய மீட்டிங்கில் மேரி எழுந்து பேசினாள். "சார், ஜியான்ல ரெண்டு பிராசஸரும் மெமரிக்குப் போறதுக்கு ஒரே வழிதான். ரெண்டு பாத்திக்கு ஒரே வாய்க்கால் மாதிரி. ஒண்ணு தண்ணி இழுத்தா இன்னொண்ணு காத்துக்கிட்டு நிக்கணும். ஆப்டெரான்ல பாத்திக்குப் பாத்தி தனி வாய்க்கால். ஆனா மெமரிய ரெண்டு பக்கமும் பிரிச்சுப் போடணும். ஒரே பக்கம் போட்டா அடுத்த பாத்தி இங்க வந்துதான் தண்ணி எடுக்கணும்."

தேசப்பன் மேஜையைத் தட்டினார். கணக்கு எழுதுகிறவருக்குக்கூடப் புரிந்துவிட்டது. முன்வரிசையில் உட்கார்ந்து நானும் பலமாகத் தலையாட்டினேன். உள்ளே வெந்துகொண்டிருந்தேன். நான் பிறந்ததிலிருந்து பார்த்த வாய்க்கால் அது. எனக்கு ஏன் அது தோன்றவில்லை?

செப்டம்பரில் மாதா கோயில் தேர். மேரி இரண்டு நாள் லீவு போட்டாள். அவளுடைய சர்வருக்கு வரவேண்டிய நாலு மெமரி அட்டையும் அன்றைக்குப் பார்த்து வந்தன. போன் செய்தாள். "அண்ணா, வாங்கி மட்டும் வச்சிடுங்க. நான் வந்து போட்டுக்குறேன்."

நானே போட்டேன். நாலையும் ஒரு பிராசஸர் பக்கமே வரிசையாகப் போட்டேன். கை தவறவில்லை, தெரிந்துதான் செய்தேன். அப்படிப் போட்டாலும் மெஷின் ஓடும் என்று மேனுவலே சொல்கிறது. ஓடியது. நாலு ஜிபி என்று கணக்குக் காட்டியது. மூடியை வைத்து ஸ்க்ரூவை இறுக்கினேன்.

மேரி தேர்க்கடைப் பொரியும் மிட்டாயும் கொண்டுவந்து முதலில் எனக்குத்தான் நீட்டினாள். "உங்களுக்கு எதுக்குண்ணா சிரமம்? ரொம்ப தேங்க்ஸ்." வாங்கித் தின்றேன்.

ஒரே வேலையை இரண்டு சர்வருக்கும் கொடுத்தோம். என்னுடையது நாற்பத்திரண்டு நிமிடம். அவளுடையது நாற்பத்தாறு. மூன்று தடவை ஓட்டியும் அப்படித்தான் வந்தது. ஒயரைப் பார்த்தாள், செட்டிங்கைப் பார்த்தாள். மூடியை மட்டும் திறக்கவில்லை. மூடியவன் நானாயிற்றே, நம்பிவிட்டாள்.

"என்னம்மா, வாய்க்கால் அடைச்சுக்கிச்சா?" என்றார் தேசப்பன். எல்லாரும் சிரித்தார்கள். நான் கடைசிவரை சிரித்தேன்.

சனிக்கிழமை ஆப்டெரானைத் திருப்பி அனுப்ப வேண்டும். மெமரியைத் தனியாகக் கழற்றிக் கொடுக்க அவள் மூடியைத் திறந்தாள். என் சீட்டிலிருந்து ஸ்க்ரூ கழலும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. எட்டிப் பார்த்தேன். உள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு மெமரியைப் பிடுங்கி அந்தப் பக்கம் மாற்றினாள். திரும்ப ஓட்டினாள்.

முப்பத்தொரு நிமிடம். அத்தனை நேரமும் ஒரு வேலையும் ஓடாமல் உட்கார்ந்திருந்தேன்.

பிரிண்ட் எடுத்த தாளை என் மேஜையில் வைத்தாள். "அண்ணா, அன்னிக்கு வாய்க்கால் கத சொன்னப்ப எல்லாரையும்விட நீங்கதான் நல்லா தலையாட்டினீங்க."

நான் தாளைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன்.

"சார்கிட்ட நீங்களே குடுத்துடுங்க. நான் குடுத்தா எப்படி ஆச்சுன்னு கேப்பாரு."

உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் தாளை எடுத்துக்கொண்டு போனேன். தேசப்பன் கண்ணாடியை மாட்டினார். "முப்பத்தொண்ணா! யாருப்பா கண்டுபுடிச்சது?"

"நான்தான் சார்" என்றேன். "திருப்பி அனுப்புறதுக்கு முன்னாடி ஒருவாட்டி தொறந்து பாத்தேன். மெமரி ஒரே பக்கமா இருந்துச்சு."

யார் போட்டது என்று அவர் கேட்கவில்லை. அவள் மெஷின், அவள்தான் போட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். "உன் மெஷின் தோக்கும்னு தெரிஞ்சும் கொண்டாந்து குடுக்குற பாரு. பெரிய மனசுப்பா உனக்கு."

ஆப்டெரானை வாங்கினார்கள். நான் இன்சார்ஜ் ஆனேன். எல்லார் முன்னாலும் தேசப்பன் மேரியிடம், "இனிமே மூடியத் தொறந்து பாத்துட்டு டெஸ்ட் பண்ணும்மா" என்றார். அவள் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, "சரிங்க சார்" என்றாள்.

அந்த "சரிங்க சார்" மாதக்கணக்கில் என்னைத் தின்றது. காட்டிக்கொடுக்காத அந்த மனசு அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று, அதற்கும் பொறாமைப்பட்டேன்.

அடுத்த வருடம் அவளுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. மரக்காணம் ஸ்டாப்பில் பெட்டியோடு நின்றிருந்தாள். கேட்டே விட்டேன். "ஏன் மேரி, அன்னிக்கு சார்கிட்ட சொல்லல?"

அவள் பஸ் வரும் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னாள். "எங்கப்பா இன்னும் உங்கப்பாகிட்டதாண்ணா கை தூக்கிக்கிட்டு நிக்கறாரு."

சென்னை பஸ் வந்தது. ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து பையிலிருந்து ஏதோ தாளை எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சட்டைப் பையில் சர்வர் ரூம் சாவி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதும் அவள் மேல் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.