காலிக் கட்டத்தின் பச்சை

பினாயில் அக்கா என்று பெயர் வைத்தது எங்கள் ஸ்டாஃப் ரூம்தான். பிள்ளைகளுக்கு வாய் கிழிய ஒழுக்கம் சொல்லித்தரும் பதினாலு பேர் உட்காரும் அறை அது. அக்கா கம்ப்யூட்டர் லேப் உதவியாளர். தினமும் எட்டு மணிக்கு முன்னால் வந்துவிடுவார். சைக்கிள் ஸ்டாண்ட் பக்கத்துக் குழாயில் முட்டிவரை காலைக் கழுவுவார், பையிலிருந்து சின்ன பாட்டிலை எடுத்துப் பினாயில் ஊற்றித் தேய்ப்பார், மறுபடி கழுவுவார். "சுத்தப் பைத்தியம்" என்று சொல்லிச் சிரிப்போம். ஏன் என்று ஒருத்தர் கேட்டதில்லை. அங்கே கம்ப்யூட்டர் வாத்தியாராக இருக்கும் நானும் கேட்டதில்லை.

அக்கா பத்தாவது வரை படித்தவர். கூட்டிப் பெருக்கும் வேலைக்கு வந்தவரை, பழைய உதவியாளர் நின்றுபோனதும் தற்காலிகமாக லேபுக்கு அனுப்பினார்கள். பதினோரு வருஷமாக அந்தத் தற்காலிகம் நீடிக்கிறது. கணவர் லாரி டிரைவர், பாதி மாதம் வெளியூர். வீட்டில் அக்காவும் மகளும் மட்டும். ஸ்ப்ரெட்ஷீட்டை என் பின்னால் நின்று பார்த்தே பிடித்துக்கொண்டார். நான் சொல்லிக்கொடுத்தேன் என்று பெருமையடிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

இந்த வருஷம் எட்டாம் வகுப்புக்கு ப்ராஜெக்ட் கொடுத்தோம். பள்ளியைச் சுற்றியுள்ள முப்பத்தெட்டு தெருக்களை ஷீட்டிலேயே வரைபடமாக்க வேண்டும். கட்டங்கள்தான் தெரு. ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து ஒரு தெருவில் எத்தனை நாள் சாக்கடை பொங்கியது என்ற எண்ணைத் தட்டினால் கட்டம் தானாக நிறம் மாறும். பச்சை, மஞ்சள், சிவப்பு. கட்டத்தின் மேல் க்ளிக் செய்தால் அந்தத் தெருவின் விவரப் பக்கம் திறக்கும். முதல் நாள் என் வரைபடத்தில் தெருவெல்லாம் நாடா மாதிரி நீண்டு கிடந்தது. அக்காதான் துடைப்பத்தோடு எட்டிப் பார்த்தார்.

"சார், அகலத்தையும் உயரத்தையும் ஒண்ணாக்கிட்டு வரைங்க. அப்பத்தான் சதுரமா வரும்."

வந்தது.

பிள்ளைகள் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதி வந்தார்கள். காம்பவுண்டுக்குப் பின்னால் இருக்கும் சந்துக்கு மட்டும் யாரும் போகவில்லை. பூகோள டீச்சர் தடுத்துவிட்டார். "அங்க நாறும்பா. ஏதாவது ஒட்டிக்கிட்டு வந்தா பேரண்ட்ஸ் என்னைத்தான் கிழிப்பாங்க." சாக்கடையைக் கணக்கெடுக்கும் ப்ராஜெக்டில் நாறும் தெருவை விட்டுவிட்டார்கள். இதற்கு ஸ்டாஃப் ரூமே தலையாட்டியது.

இந்த வரைபடத்தை வைக்கப்போகும் பள்ளிக் கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்னால் அக்கா என் மேஜைக்கு வந்தார்.

"சார், எங்க சந்து பச்சையா இருக்கு."

"உங்க சந்தா?"

"ஆமா சார். காம்பவுண்டுக்குப் பின்னாடிதான் வீடு."

"அங்க யாரும் கணக்கெடுக்கலக்கா. அந்தக் கட்டம் காலி."

"காலின்னா வெள்ளையா இல்ல இருக்கணும்?"

எனக்குச் சுருக்கென்றது. ஒன்றுக்குக் குறைவாக இருந்தால் பச்சை என்று விதி எழுதியது நான்தான். காலிக் கட்டத்தையும் ஷீட் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். யாரும் எட்டிப் பார்க்காத சந்து, ஊரிலேயே சுத்தமான சந்தாகிவிட்டது.

"இருபத்துமூணு நாள் சார். காலண்டர்ல சுழிச்சு வச்சிருக்கேன். உள்ள வந்துடுது. அதுல நடந்துதான் வேலைக்கு வரேன்." கொஞ்சம் நிறுத்திக் கேட்டார்: "அடைப்பெடுக்கிற வண்டி எந்தத் தெருவுக்கு முதல்ல வரணும்னு கண்காட்சியில இந்தப் படத்தைப் பார்த்துத்தான் நகராட்சி என்ஜினியர் முடிவு பண்ணப் போறாராமே?"

அப்போதுதான் அந்தக் குழாயும் பாட்டிலும் எனக்குப் புரிந்தன. பதினோரு வருஷம் சிரித்திருக்கிறேன்.

நேராக ஹெச்.எம். அறைக்குப் போனேன். அந்த அம்மா கண்ணாடியைக் கூடக் கழற்றவில்லை. "அந்தச் சந்து பச்சையா இருந்தா உங்களுக்கு என்ன சார் கஷ்டம்? ஸ்கூலுக்குப் பின்னாடியே சிவப்பு தெரிஞ்சா அடுத்த வருஷம் அட்மிஷனுக்கு யார் வருவாங்க? பசங்க எடுக்காத கணக்கை நாம போடக் கூடாது. அது தப்பு." பொய்யைக் காப்பாற்ற நேர்மையைத் துணைக்குக் கூப்பிடும் ஆட்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் என் வாயிலிருந்து வந்தது, "சரிங்க மேடம்." திரும்பி வந்து அக்காவிடம் ஏதோ சப்பைக்கட்டு கட்டினேன். அவர் தலையாட்டிவிட்டுக் கீபோர்டுகளைத் துடைக்கப் போய்விட்டார்.

கண்காட்சியன்று நகராட்சி என்ஜினியர் வந்தார். ஹெச்.எம். ஈயென்று இளித்தபடி பக்கத்தில் நின்றார். பூகோள டீச்சர் மைக்கில் முழங்கினார். என்ஜினியர் மவுஸைக் கையில் வாங்கி இங்கும் அங்கும் நகர்த்தினார். "இவ்வளவு சிவப்புக்கு நடுவுல இது மட்டும் எப்படிப் பச்சை? இங்க என்ன பண்றாங்கன்னு பார்ப்போம்" என்று பின்சந்தின் மேல் க்ளிக் செய்தார்.

காலியாக இருக்க வேண்டிய பக்கம் நிறைந்திருந்தது. இருபத்துமூன்று தேதிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வரி. 'கணுக்கால் வரை.' 'அடுப்பு நனைந்தது.' 'மகள் பரீட்சைக்குப் போக முடியவில்லை.' 'முட்டி வரை. கட்டில் மேல் சமைத்தேன்.' தகவல் சொன்னவர் என்ற இடத்தில், 'குடியிருப்பவர்.' முதல் பக்கத்துக் கட்டத்தில் மட்டும் எண் தட்டப்படவில்லை, அது பச்சையாகவே இருந்தது.

ஹெச்.எம்.மின் முகம் செத்துப்போனது. "யாரு இதைப் போட்டது?"

நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்படித்தான் நின்றேன், எழுதவே அசிங்கமாக இருக்கிறது.

"நான்தாம்மா" என்றார் அக்கா, ப்ரொஜெக்டர் பக்கத்திலிருந்து. "அது என் வீடு."

என்ஜினியர் திரும்பி, "அங்கயா இருக்கீங்க?" என்றார். அவர் கை தானாக மூக்குக்குப் போனது. அன்று காலை அக்கா இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவியதை நான் பார்த்திருந்தேன். எந்த நாற்றமும் இல்லை. "சரி, பார்க்கலாம்" என்று சொல்லி வரைபடத்தின் முதல் பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனார். நிறம் மட்டும் தெரியும் பக்கம் அது.

அடுத்த வாரம் வண்டி வந்தது. சிவப்பாக இருந்த ஒன்பது தெருக்களுக்கும் போனது. இந்த வரைபடத்துக்காக நகராட்சியிலிருந்து பள்ளிக்கு முதல் பரிசுக் கேடயம் வந்தது. ஸ்டாஃப் ரூமில் அதை வைத்துப் படமெடுத்தார்கள். எனக்கும் ஒரு மூலையில் இடம் கொடுத்தார்கள், போய் நின்றேன்.

மறுநாள் காலை லேபில் யாருமில்லை. ஃபைலைத் திறந்து அந்தக் கட்டத்தில் இருபத்துமூன்று என்று தட்டினேன். கட்டம் சிவந்தது. பினாயில் வாசனை வந்தது. அக்கா ஈரக் காலோடு வாசலில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருபத்துநாலு சார்" என்றார். "இன்னிக்கும் வந்துச்சு."