சிங்க்குக்கு மேலே நான் கேட்ட ஜன்னல்

மூன்று வருடங்களுக்கு முன், மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது நடந்தது இது. கிழக்குத் தாம்பரத்தில் எங்களுடையது பழைய வீடு. மருமகள் வருவதற்குள் மாடியில் பாத்ரூமோடு ஒரு அறை எழுப்புவது, அப்படியே கீழே சமையலறையையும் இடித்துக் கட்டிவிடுவது என்று முடிவானது.

அந்தச் சமையலறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதில்தான் சமைத்தேன். நான் நல்ல உயரம். அடுப்பு மேடையோ எனக்கு முன்னால் அங்கே சமைத்தவர்கள் உயரத்துக்குக் கட்டியது. குனிந்து குனிந்தே என் முதுகு போய்விட்டது. ஜன்னல் கிடையாது. சுவரில் ஒரு வட்ட ஓட்டை, அதில் ஓடாத ஒரு ஃபேன், அவ்வளவுதான். மிளகாய் தாளித்தால் வாசலில் செருப்பு மாட்டுகிறவர் வரைக்கும் இருமுவார். ஒரு சித்திரை வெயிலில் தோசை வார்த்துக்கொண்டிருந்தவள் கண் இருட்டி அப்படியே தரையில் சரிந்துவிட்டேன். தோசை கருகும் வாசனை ஹாலுக்குப் போன பிறகுதான் நான் விழுந்து கிடப்பதே மற்றவர்களுக்குத் தெரிந்தது.

அதனால் என் கணவர், "கிச்சன் உன் டிபார்ட்மென்ட். எப்படி வேணுமோ நீயே பிளான் போட்டுக் குடு. உன் இஷ்டம்தான், நான் தலையிடவே மாட்டேன்" என்று சொன்னபோது எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதே வேலையாக இருந்தேன். ஃபிரிட்ஜ் அளவுக்கு, அடுப்பு அளவுக்கு, சிங்க் அளவுக்கு என்று பழைய செய்தித்தாளைக் கத்தரித்துத் தரையில் விரித்து, நடுவே நடந்து பார்த்தேன். இங்கே நின்று காய் நறுக்கினால் அங்கே கை எட்டுமா, ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தால் இடிக்குமா என்று கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு தனியாக ஒரு நாடகமே போட்டேன். அளவெடுக்க வந்த மேஸ்திரி எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, தரையெல்லாம் பேப்பரா கீது, வாரிப் போட்டுடவா?" என்றார். ஐயோ, அதுதான் பிளான் என்று பதறினேன். அவர் சிரித்துவிட்டு, என் முழங்கையை மடக்கச் சொல்லி, அந்த உயரத்துக்குக் கொஞ்சம் கீழே சுவரில் கரிக்கோடு போட்டார். மேடை அந்த உயரத்துக்குத்தான் வந்தது. அதை மறைக்க மாட்டேன்.

ஆனால் நான் உயிராகக் கேட்டது ஜன்னலைத்தான். அடுப்புக்கு நேராக வைத்தால் காற்றில் தீ அணையும். அதனால் சிங்க்குக்கு மேலே, கிழக்குச் சுவரில். வெளியே பிரமாதமாக ஒன்றும் இல்லை. ஆள் நடக்கிற அளவுக்கு ஒரு சந்து, பக்கத்து வீட்டுச் சுவர், அதற்கு மேலே எட்டிப் பார்க்கும் ஒரு மாதுளை மரம், கொஞ்சம் வானம். காலையில் பாத்திரம் தேய்க்கும்போது முகத்தில் வெயில் படும். எனக்கு அது போதும் என்று இருந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள்.

வேலை நடந்த நாட்களில் நான் லீவு போடவில்லை. பல்லாவரத்தில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன், கல்யாணத்துக்கு லீவு சேர்க்க வேண்டியிருந்தது. ஓய்வு பெற்ற என் கணவர் வீட்டில் இருந்து பார்த்துக்கொண்டார். சுவர் எழும்பி ஜன்னல் சட்டமும் நின்ற அன்று, மாலையில் வந்து அதன் முன்னால் வெறுமனே கொஞ்ச நேரம் நின்றேன். மகன் கிண்டல் செய்தான். "என்னம்மா, டிவி பாக்குற மாதிரி பாக்குற?" செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ஆபீஸ் முடிந்ததும் பல்லாவரம் சந்தைக்குப் போனேன். புறா, பழைய மிக்ஸி, உடைந்த நாற்காலி என்று எல்லாவற்றையும் தாண்டிப் போய், செடி விற்கிற பெண்ணிடம் ஒரு கற்பூரவல்லித் தொட்டி வாங்கினேன். ஜன்னல் கட்டையில் வைக்கத்தான். எலக்ட்ரிக் டிரெயினில் அந்தக் கூட்டத்தில் அதை மடியில் வைத்து, யார் கைப்பையும் இடிக்காமல் கைக்குழந்தை மாதிரி கொண்டுவந்து சேர்த்தேன்.

வீட்டுக்குள் நுழைந்து நேராகச் சமையலறைக்குப் போனேன். ஜன்னல் இல்லை.

முந்தைய நாள் சட்டம் நின்ற இடத்தில் செங்கல் அடைத்து, பூச்சு ஈரமாக இருந்தது. சட்டம் ஹாலில் சுவரோரமாகச் சாய்ந்து கிடந்தது. நான் தவறான அறைக்குள் வந்துவிட்டேனோ என்றுகூட ஒரு நொடி தோன்றியது. இருக்கிறதே ஒரே சமையலறை!

என் கணவர் சாதாரணமாகத்தான் சொன்னார். பிளான்படி மாடி பாத்ரூம், கீழ் பாத்ரூமுக்கு நேர் மேலே வர வேண்டும். ஆனால் அங்கே வந்தால் மாடியில் பால்கனி சின்னதாகிவிடும். புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் இரண்டு நாற்காலி போட்டு உட்கார இடம் வேண்டாமா? அதனால் பாத்ரூமைக் கிழக்கே தள்ளி, சமையலறைக்கு மேலே கொண்டுவந்துவிட்டார்கள். கக்கூஸ் பைப் இனி என் சிங்க் இருக்கும் சுவருக்கு வெளியே இறங்கும். சரியாக என் ஜன்னலுக்குக் கீழே கழிவுநீர் சேம்பர்.

"ஜன்னல் வெச்சா நாத்தம் உள்ள வரும். அதான் அடைக்கச் சொல்லிட்டேன். அந்த இடத்துல ஒரு ஷெல்ஃப் அடிச்சா நாலு டப்பா கூட வைக்கலாம்" என்றார்.

கை கழுவிக்கொண்டிருந்த மேஸ்திரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் சொன்னேன்க்கா, பாத்ரூம் மேல பாத்ரூம் வந்தா பேஜாரே இல்லன்னு. சார்தான் முடிச்சிட சொன்னாரு" என்று முனகிவிட்டு வெளியே போய்விட்டார்.

செடியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

"என்னங்க, எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம் இல்ல?" என்று கேட்டேன்.

"ஆபீஸ்ல பிஸியா இருப்ப. இதுக்குப் போய் எதுக்கு உன்ன டிஸ்டர்ப் பண்ணணும்?"

அன்று மதியம் அவர் எனக்குப் போன் செய்திருந்தார். ஆட்களுக்கு டீ போட வேண்டும், சர்க்கரை டப்பாவை எங்கே வைத்தாய் என்று கேட்க. சாமான்கள் எல்லாம் கட்டிப் போட்டிருந்ததால், கட்டிலுக்குக் கீழே நீல டப்பா, இடது பக்கம், இல்லை இன்னும் உள்ளே என்று கணக்கை நிறுத்திவிட்டு வழி சொன்னேன். அந்த டீயைக் குடித்துவிட்டுத்தான் என் ஜன்னலை அடைத்திருக்கிறார்கள்.

அதைச் சொன்னபோது அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். மகன், "அம்மா, ஒரு ஜன்னலுக்கா இவ்ளோ? பெரிய எக்ஸாஸ்ட் ஃபேனா வாங்கித் தரேன்" என்றான். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. எனக்கு உடம்பு சரியில்லை என்றால் ராத்திரியில் ஆட்டோ பிடிக்க ஓடுகிறவர்கள்தான். அதனாலேயே ஆத்திரம் இன்னும் அதிகமானது. திட்டித் தீர்க்கவாவது ஒரு எதிரி வேண்டும் அல்லவா?

இடித்துத் திரும்பக் கட்டச் சொல்லி அழுதேன், சண்டை போட்டேன், சாப்பிடாமலும் இருந்து பார்த்தேன். கல்யாணத் தேதி நெருங்குகிறது என்று சொல்லி வாயை அடைத்தார்கள். ஜன்னல் சட்டத்தை வீணாக்கவில்லை. மாடி அறையில் பால்கனியைப் பார்த்து மாட்டிவிட்டார்கள். கற்பூரவல்லியையும் யாரோ கொண்டுபோய் அதன் கட்டையில் வைத்துவிட்டார்கள். நல்ல வெயில், நல்ல காற்று. அங்கே அது கொழுகொழுவென்று வளர்கிறது. பால்கனியில் இன்றுவரை யாரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. கொடி கட்டித் துணி காயப்போடுகிறோம்.

கல்யாணம் முடிந்து, சம்பந்தி வீட்டார் முதல் முறை விருந்துக்கு வந்தார்கள். என் கணவர் அவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினார். நான் வடை சுட்டுக்கொண்டிருந்தேன். சமையலறை வாசலில் நின்று, பெருமை முகத்தில் வழிய, "இது மட்டும் முழுக்க இவ பிளான். பேப்பரெல்லாம் கத்தரிச்சு வெச்சு டிசைன் பண்ணா. நான் தலையிடவே இல்ல" என்றார்.

சம்பந்தியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். "எல்லாம் அழகா இருக்கு. ஒரு ஜன்னல் வெச்சிருக்கலாமே நீங்க?" என்று என்னைக் கேட்டார்.

"ஜன்னல்தான் கேட்டேன். பைப் குடுத்தாங்க" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார், மருமகளும் சிரித்தாள். நான் நகைச்சுவையாகப் பேசுகிறவள் என்று அன்று ஒரு பெயர் வந்தது. சிரிப்பு அடங்குவதற்குள் மாடியில் யாரோ ஃபிளஷ் செய்தார்கள். என் சிங்க்குக்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம், தண்ணீர் தடதடவென்று இறங்கியது. நான் வடையைத் திருப்பிப் போட்டேன்.

தினமும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் பாத்திரம் தேய்க்கிறேன். இப்போதெல்லாம் யாராவது என்னிடம் "உன் இஷ்டம்போல செய்" என்றால் சந்தோஷம் வருவதில்லை. நான் வேலைக்குப் போயிருக்கும் ஒரு மத்தியான நேரத்தில் அது யாருடைய இஷ்டமாக மாறப்போகிறதோ என்ற பயம்தான் முதலில் வருகிறது.