பீலிக்கரையில் ராஜி வைத்த சத்தம்

வெள்ளிக்கிழமை பூஜைக்குப் பூக்கட்டிக்கொண்டிருந்தேன். கேகாலை ஆஸ்பத்திரியிலிருந்து ராஜியின் புருஷன் பேசினார். "அக்கா, மூச்சு நின்னுருச்சுங்க" என்றார். கையிலிருந்த சரத்தை அம்மனுக்குப் போடவில்லை. அவளுக்கென்று எடுத்து வைத்தேன்.

நம் தோட்டத்து ராஜியை, ராஜேஸ்வரியை, ரப்பர் பால் வெட்டுபவளாக நீங்கள் அறிவீர்கள். வாய்க்காரி என்றும் சொல்வீர்கள். நான் மறுக்கப்போவதில்லை.

வேலை முடிந்து பெண்கள் நாங்கள் பீலியில், மலைத்தண்ணீர் விழும் குழாயடியில், குளிக்கும்போது, மேலே புதரில் ஓர் ஆள் நின்று பார்ப்பது மாதக்கணக்காக நடந்தது. தோட்டத் தலைவரிடம் சொன்னோம். "பொம்பளைங்க நேரத்தோட குளிச்சிட்டுப் போங்க" என்றார்.

"பாக்குறவனுக்கு நேரம் ஒண்ணும் சொல்லலீங்களா தலைவரே?" என்றாள் ராஜி.

அந்த ஞாயிறே என்னைக் கேகாலைக்கு இழுத்துக்கொண்டு போனாள். போனில் பார்த்துப் படித்திருந்தாள். நடமாடும் ஆளின் உடம்புச் சூட்டைக் கண்டுகொள்ளும் சென்சார், கத்துவதற்குப் பஸர், ஒரு ட்ரான்சிஸ்டர், ஒன்பது வோல்ட் பெட்டரி. எதற்கென்று அறிய, சிங்களத்தில் "மொகடத நோனா?" என்றார் கடைக்காரர். "ஹொரெக் அல்லன்ன" என்றாள் ராஜி. கள்ளனைப் பிடிக்கத்தான்.

வீட்டுக் கணக்கு எழுதும் கொப்பியில், எந்த வயர் எங்கே போகிறதென்று நான் எழுதினேன். அதைப் பார்த்து அவள் முறுக்கினாள்.

தவறு செய்தது நான். புதருக்குப் பக்கத்தில் இருக்கும் அம்மன் சிலை வைத்த சின்னக் கூட்டுக்குள், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வைத்தால் மழையில் நனையாது, அம்மனும் துணையிருப்பாள் என்றேன். ஸ்விட்சைப் போட்டு, ஒரு நிமிஷம் விலகி நின்றோம். ராஜி கூட்டுக்கு முன்னால் நடந்தாள், குதித்தாள், ஆடியும் காட்டினாள். சத்தமே இல்லை.

"உங்க சாமி என்னைய ஆளாவே மதிக்கலக்கா."

கதவைத் திறந்ததும் கத்தியது. உடம்புச் சூடு கண்ணாடியைத் தாண்டாது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம். கதவைக் கழற்றிவிட்டு, மெல்லிய பொலித்தீன் கட்டினோம்.

சாமி கூட்டில் மெசினா, தீட்டு என்று லயத்து வீடெல்லாம் பேசியது. நான் ஒரு விரதமும் தவறாதவள். எனக்கே நெஞ்சு உறுத்தியது. ராஜி சொன்னாள்: "அம்மன் எப்பவும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கா. கத்துறதுக்கு நாம ஒரு வாய் குடுத்திருக்கோம்." அதற்குப் பிறகு எனக்கு உறுத்தவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் அது கத்தியது. புதரிலிருந்து ஓடியவர் யாரென்று பீலியில் நின்ற எல்லோரும் பார்த்தோம். பெயரை எழுதமாட்டேன். இதை வாசிக்கும்போது அவருக்கே தெரியும்.

ராஜியைப் புதைத்த இடத்திலேயே தலைவர் என்னிடம் சொன்னார்: "அந்தப் புள்ளையும் போயிருச்சு. மெசினைக் கழட்டிருவோம், தோட்டம் அமைதியா இருக்கட்டும்."

"நாங்க குளிக்கிற நேரமாப் பாத்து வந்து, எங்க முன்னாடியே கழட்டுங்க" என்றேன். அப்படிப் பேசி எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் சொல்லி முடித்தேன்.

சாவுத் தீட்டுக் கழிக்கப் பெண்களெல்லாம் பீலிக்குப் போனோம். பெட்டரி இறங்கியிருந்தது. கொப்பியைப் பார்த்துப் புதியதை மாட்டி, சென்சாருக்கு முன்னால் கையை நீட்டினேன். தோட்டம் முழுக்கக் கேட்கும்படி கத்தியது. ஒருத்தியும் காதைப் பொத்தவில்லை.

ராஜியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஸ்விட்சை. இப்போது தினமும் நான்தான் போடுகிறேன். கழற்ற இன்னும் யாரும் வரவில்லை.